படியளந்த பண்டகசாலை
வேவ் ஹில் மாட்டுப் பண்ணைக் கடையின் வரலாறு

‘மாடு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் விலங்கு என்ற பொருளும் உண்டு. செல்வம் என்ற பொருளும் உண்டு. ஆநிரையே செல்வமாக எண்ணப்பட்ட பழைய வாழ்வின் எச்சம் இச்சொல்லில் தங்கியிருக்கிறது. பகைவரின் ஆநிரையைக் கவர்வதை வெட்சி என்றும், கவரப்பட்ட நிரையை மீட்பதைக் கரந்தை என்றும் பகுத்துத் திணை வகுத்தது தமிழ் மரபு. நிலத்திற்காக நடந்த போர்களுக்கும் நிரைகோடலே தொடக்கமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் வட மண்டலத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. அங்கே மனிதர் ஆநிரையைக் கவரவில்லை; ஆநிரை மனிதரின் நிலத்தைக் கவர்ந்தது. நிலம் இழந்த மக்களை அந்நிலத்திலேயே வேலையாட்களாகக் கட்டி வைக்கத் துப்பாக்கி முதலில் வந்தது. பின்னர் மாவு மூட்டை வந்தது. அந்த மூட்டை இருந்த இடம் பண்ணையின் பண்டகசாலை. வேவ் ஹில் என்னும் மாட்டுப் பண்ணையில் அந்தப் பண்டகசாலை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு ஆண்டது, எவ்வாறு தோற்றது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் மக்களும்

டார்வின் நகருக்குத் தெற்கே சாலை வழியாக ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், விக்டோரியா ஆற்றின் மேற்பகுதியில் அமைந்தது வேவ் ஹில். புல்வெளியும் பாறைக்குன்றும் ஆற்று மடுக்களும் நிறைந்த நிலம். இதன் உரிமையாளர் குரிந்ஜி மக்கள். இப்பெயர் நம் குறிஞ்சியை நினைவூட்டுவது ஒலியளவில் நேர்ந்த தற்செயலே. வேறு உறவு எதுவும் இல்லை.

குரிந்ஜி மக்கள் உணவை இரண்டாகப் பகுத்துப் பெயரிட்டிருந்தனர். கிழங்கு, விதை, கனி முதலிய நிலம் தரும் உணவு ‘மங்காரி’. வேட்டையில் கிடைக்கும் ஊன் உணவு ‘ஙாரின்’. நம் மொழியில் சொல்லுக்கு முதலாக வர இடர்ப்படும் ஙகரம் அவர்கள் மொழியில் இயல்பாகச் சொல்லின் முதலில் நிற்கிறது. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் ஆஸ்திரேலிய மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் சில ஒப்புமைகளைச் சுட்டினார். பிற்கால ஆய்வு அவ்வுறவை ஏற்கவில்லை. எனினும் அம்மொழிகளின் நாமடி ஒலிகள் தமிழ்ச் செவிக்கு அந்நியமாகத் தோன்றா.

1883ஆம் ஆண்டில் நாட் புகானன் என்னும் மாடோட்டி இந்நிலத்தில் வேவ் ஹில் பண்ணையை நிறுவினார். மாடுகள் வந்தபின் முதலில் அழிந்தவை நீர்நிலைகளின் கரைகள். மடுக்களைச் சுற்றியே கிழங்குகளும் விதைப்புற்களும் மிகுதியாக விளைந்தன. குளம்புகள் அவற்றை மிதித்தன, நீர் கலங்கியது, நீர் தேடி வந்த வேட்டை விலங்குகள் அகன்றன. மங்காரியும் ஙாரினும் ஒருசேரக் குறைந்தன. பசித்தவர் மாட்டை ஈட்டியால் குத்தி உண்டனர். அதற்குத் தண்டனையாகத் துப்பாக்கிகள் பேசின. இப்பகுதியில் நடந்த கொலைகளின் இடங்களைக் குரிந்ஜி முதியோர் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்துச் சொல்லி வந்தனர்.

எஞ்சியோர் பண்ணையின் அருகே வந்து தங்கினர். அவர்களுக்கு மாவும் தேயிலையும் சருக்கரையும் புகையிலையும் தரப்பட்டன. மாடு கொல்லாமல் தடுக்கவும், வேலைக்கு ஆள் கிடைக்கவும் இதுவே எளிய வழி என்று பண்ணையார் கண்டுகொண்டனர். மக்களைப் பசித்தவராக்கியது பண்ணையின் மாடு. அந்தப் பசிக்கு உணவு தந்தது பண்ணையின் கடை. இரண்டும் ஒரே கையில் இருந்தன என்பது இவ்வரலாற்றின் முதன்மையான உண்மை.

வெஸ்டி குடும்பமும் இரு முனைகளும்

1914ஆம் ஆண்டில் வேவ் ஹில் வெஸ்டி குடும்பத்தின் கைக்கு வந்தது. லிவர்பூல் நகரைச் சேர்ந்த வில்லியம், எட்மண்ட் என்னும் உடன்பிறந்தோர் இறைச்சியைக் குளிரூட்டிச் சேமிக்கும் தொழிலில் பெரும் பொருள் ஈட்டியவர்கள். மாட்டுப் பண்ணை அவர்களுடையது. இறைச்சியைப் பதப்படுத்தும் ஆலை அவர்களுடையது. அதை ஏற்றிச் செல்லும் புளூ ஸ்டார் கப்பல்கள் அவர்களுடையவை. இங்கிலாந்தின் குளிர்பதனக் கிடங்குகள் அவர்களுடையவை. இறுதியில் தெருமுனையில் இறைச்சியை நிறுத்து விற்கும் கடைகளும் அவர்களுடையவையே. டார்வினில் அவர்கள் நிறுவிய இறைச்சி ஆலை 1917இல் இயங்கத் தொடங்கி 1920இல் மூடப்பட்டது. ஆயினும் பண்ணைகள் நிலைத்தன.

இந்த நீண்ட சங்கிலியின் ஒரு முனையில் இங்கிலாந்தின் இறைச்சிக் கடை; மறு முனையில் வேவ் ஹில் பண்ணையின் பண்டகசாலை. முதற்கடையில் வாங்குபவர் காசு கொடுத்தார். விலை பிடிக்கவில்லையெனில் அடுத்த கடைக்குச் சென்றார். இரண்டாம் கடையில் வாங்குபவரிடம் காசு இல்லை. அடுத்த கடையும் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரு கடைகளுக்கு இடையே இத்துணை வேறுபாடு இருந்தது.

பண்டகசாலை இயங்கிய முறை

பழைய பண்ணை வீடு ஆற்றங்கரையில் இருந்தது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அதனை அடித்துச் சென்றது. அதன்பின் மேட்டு நிலமான ஜின்பராக்கில் பண்ணை புதிதாக அமைக்கப்பட்டது. மேலாளர் வீடு, வெள்ளையர் தங்குமிடம், சமையற்கட்டு, கொல்லன் பட்டறை, பண்டகசாலை ஆகியன ஒரு புறம். சற்றுத் தள்ளித் தகரத்துண்டும் சாக்கும் கிளையும் கொண்டு கட்டிய குரிந்ஜி மக்களின் குடிசைகள் மறுபுறம்.

சரக்கு வருவது எளிதன்று. கடல்வழி வந்து விக்டோரியா ஆற்றில் படகேறி டிப்போ என்னும் துறையில் இறங்கும் மூட்டைகளைக் கழுதைகளும் குதிரைகளும் இழுத்த வண்டிகள் உள்நாட்டுக்குக் கொண்டு சென்றன. பாலைப் பகுதிகளில் ஒட்டகங்களும் பொதி சுமந்தன. அவற்றை ஓட்டியவர்களில் பலர் அந்நாளைய பிரித்தானிய இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் சென்றவர்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். ஆறுகள் பெருகிப் பாதைகள் அடைபடும். ஆகவே மழைக்கு முன்னரே மாதக்கணக்கிற்கு வேண்டிய மாவு, சருக்கரை, தேயிலை, உப்பு, புகையிலை, சட்டை, காற்சட்டை, சப்பாத்து, தொப்பி, போர்வை, சேணத்தோல், கம்பி, ஆணி, மருந்து ஆகிய அனைத்தும் பண்டகசாலையில் அடுக்கப்பட்டாக வேண்டும். மழைக்காலத்தின் இறுதியில் மாவில் வண்டு விழுவது வடபகுதிப் பண்ணைகள் அனைத்திலும் கண்ட காட்சி.

இத்தகைய தனிமையில் பண்டகசாலை இன்றிப் பண்ணை இயங்கியிராது என்பது உண்மையே. வெள்ளை மாடோட்டிகளும் உப்பிட்ட இறைச்சியையும் சாம்பலில் சுட்ட ரொட்டியையுமே பெரிதும் உண்டனர். அவர்கள் கடையில் எடுத்த பொருளுக்கும் கணக்கு எழுதப்பட்டது. ஆனால் அவர்கள் கணக்கின் முடிவில் கூலி என்று ஒரு தொகை எஞ்சியது. கணக்கை முடித்துக்கொண்டு விலகிப் போகும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. குரிந்ஜி மக்களுக்கு இரண்டும் இல்லை.

அவர்களுக்குப் ‘படி’ அளக்கப்பட்டது. நாள்தோறும் அல்லது கிழமைதோறும் அளந்து தரும் உணவைக் குறிக்கும் இத்தமிழ்ச் சொல்லே இவ்வழக்கத்திற்கு மிகப் பொருத்தமானது. ‘படியளப்பவன்’ என்று இறைவனைச் சொல்வது நம் வழக்கு. வேவ் ஹில்லில் அந்த இடத்தில் இருந்தவர் பண்டகசாலைத் திறவுகோலை இடுப்பில் வைத்திருந்தவர். உப்பிட்ட மாட்டிறைச்சி, எலும்பு, மாவு அல்லது ரொட்டி, தேயிலை, சருக்கரை, சிறிது புகையிலை ஆகியன படியில் அடங்கும். மாட்டை வளர்த்தவர், மேய்த்தவர், சூடிட்டவர், ஓட்டியவர் அவர்களே. நல்ல தசை வேறெங்கோ சென்றது.

மழைக்காலத்தில் பண்ணையில் வேலை குறையும். அப்போது தொழிலாளரைக் காட்டுக்கு அனுப்பிவிடுவர். அம்மாதங்களில் அவர்கள் வேட்டையாடியும் கிழங்ககழ்ந்தும் தம்மைத் தாமே காத்துக்கொண்டனர், சடங்குகளை நடத்தினர், பிள்ளைகளுக்கு நிலத்தின் கதைகளைச் சொல்லித் தந்தனர். பண்ணையின் நோக்கில் இது சிக்கனம். ஆண்டில் சில மாதம் படியளக்க வேண்டாம். மக்களின் நோக்கில் இதுவே உயிர்ப்பு. நிலத்தோடு இருந்த உறவு அறுபடாமல் இருக்க அந்த ஓய்வு மாதங்கள் உதவின. பண்டகசாலையின் சிக்கனமே பின்னாளில் அதனை எதிர்த்து நிற்கும் வலிமையைத் தந்தது என்பது கருதத்தக்கது.

சட்டத்தின் துணை

கூலி என்னும் சொல்லைத் தானியத்தைக் குறிக்கும் ‘கூலம்’ என்பதனோடு இணைத்துக் காண்பார் தமிழறிஞர். உழைத்தவருக்கு நெல்லளந்து கொடுத்த காலத்தின் சுவடு அதில் உள்ளது என்பர். பொருளாகக் கூலி தருவது உலகெங்கும் இருந்த வழக்கம், அதுவே குற்றமன்று. அளவை முடிவு செய்வோர் யார், மறுக்கும் உரிமை யாருக்கு என்பதே வினா.

வட மண்டலத்தில் சட்டம் இவ்வினாவுக்குப் பண்ணையார் பக்கமே விடை சொன்னது. 1918ஆம் ஆண்டின் பழங்குடியினர் சட்டம் அவர்களை அரசின் காப்பில் உள்ளோராகக் கருதியது. அவர்களை வேலைக்கு வைக்க உரிமம் தந்தது. 1930களின் விதிகள், தொழிலாளியின் உறவினரையும் சார்ந்தோரையும் தாமே பேணுவதாகக் காட்டும் பண்ணையாருக்குக் கூலி கொடுப்பதிலிருந்து விலக்கு அளித்தன. முதியவளுக்குத் தரும் ஒரு கை மாவு இளைஞனின் ஓராண்டு உழைப்பைக் கணக்கில் நேர்செய்தது. பண்டகசாலை ஏடு கூலி ஏட்டை விழுங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது வட மண்டலத்தில் படை முகாம்கள் அமைந்தன. பழங்குடியினர் பலர் அங்கே வேலைக்கு அமர்த்தப்பட்டனர். ஒழுங்கான உணவும், தங்குமிடமும், கையில் காசும் அங்கே கிடைத்தன. பண்ணைக்கு வெளியேயும் ஒரு வாழ்வு உண்டு என்ற செய்தி பரவியது. பண்ணைகளில் ஆள் குறைந்தது. என்ன செய்யலாம் என்று அறிய வெஸ்டி நிறுவனமே 1944இல் ரொனால்ட் பெர்ண்ட், கேத்தரின் பெர்ண்ட் என்னும் மானிடவியல் அறிஞர் இணையரைப் பணிக்கு அமர்த்தியது. 1946 வரை அவர்கள் வேவ் ஹில் உள்ளிட்ட பண்ணைகளில் தங்கி ஆய்ந்தனர்.

அவர்கள் கண்டவை நிறுவனம் விரும்பியவை அல்ல. போதாத படி, தூய குடிநீர் இன்மை, கழிப்பிடம் இன்மை, மிகுந்த குழந்தை இறப்பு, சிறுவரும் வேலை செய்தல், சட்டம் குறித்த சொற்பத் தொகையும் கைக்கு வராமை. உணவும் உடையும் புகையிலையும் பெண்களின் மானத்துக்கு விலையாக்கப்பட்டதையும் அவர்கள் பதிவு செய்தனர். படிமுறையின் கொடுமையில் இதுவே ஆழமான புண். இருபது ஆண்டுகளுக்குப் பின் மக்கள் வெளியேறியதற்கான காரணங்களுள் கூலிக்கும் நிலத்திற்கும் இணையாக இதுவும் நின்றது. பெர்ண்ட் இணையரின் ஆய்வு 1987ஆம் ஆண்டில்தான் நூலாக வெளிவந்தது.

போருக்குப் பின்னர்ச் சிறு தொகை கூலியாகத் தரும் முறை வந்தது. வடபகுதிப் பண்ணைகள் பலவற்றில் அத்தொகை கையில் தரப்படாமல் ஏட்டில் வரவாக எழுதப்பட்டது; கடையில் எடுத்த பொருள் பற்றாக எழுதப்பட்டது. விலையை வைத்ததும், எடையை நிறுத்ததும், கணக்கை எழுதியதும் ஒரே தரப்பு. எழுத்தறியாத மறு தரப்பு விரல்நுனியை மட்டுமே நீட்ட இயலும்.

ஏட்டில் எழுதிய பெயர்

பண்ணை ஏடுகளில் குரிந்ஜி மக்கள் தம் சொந்தப் பெயரால் எழுதப்படவில்லை. வெள்ளையர் நாவுக்கு எளிதான டாமி, ஜிம்மி போன்ற பெயர்கள் சூட்டப்பட்டன. பண்ணையின் தேர்ந்த மாடோட்டியாகவும் தன் மக்களின் தலைவராகவும் விளங்கிய வின்சென்ட் லிங்கியாரியும் அங்கே டாமி வின்சென்ட் என்றே அறியப்பட்டார்.

பெயரில் நிகழ்ந்த மாற்றம் மொழியிலும் நிகழ்ந்தது. கடைமாவினால் செய்த ரொட்டிக்குக் குரிந்ஜி மக்கள் புதுச்சொல் படைக்கவில்லை. ‘மங்காரி’ என்ற பழஞ்சொல்லையே இட்டு வழங்கினர். நிலம் தந்த உணவின் பெயர் மூட்டையில் வந்த உணவின் மேல் ஏறியது. பண்ணை வாழ்வில் ஆங்கிலத்தின் சிதைவிலிருந்து பிறந்த கிரியோல் மொழியும் குரிந்ஜியும் ஒரே வாயில் கலந்து வழங்கின. 1970களில் மொழியியலார் பதிவு செய்த இக்கலப்புப் பேச்சு, அடுத்த தலைமுறையில் குரிந்ஜி கிரியோல் என்னும் தனிமொழியாக நிலைபெற்றது. இதில் வினைச்சொற்களின் அமைப்புப் பெரும்பாலும் கிரியோல். பெயர்ச்சொற்கள் பலவும் அவை ஏற்கும் வேற்றுமை உருபுகளும் குரிந்ஜி. நாம் ‘பஸ்ஸுக்கு’, ‘ஆபீசில்’ என்று பிறமொழிப் பெயருக்குத் தமிழ் உருபு ஏற்றுவது போன்றது இது. பொருள் கடையிலிருந்து வந்தாலும் அதற்கு உருபு கொடுக்கும் உரிமையை அம்மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கவிஞர்களும் மொழியறிஞர்களும் சிந்திக்கத்தக்க செய்தி இது.

கடையைத் துறந்த நாள்

வட ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம் பழங்குடி மாடோட்டிகளுக்கும் சமக்கூலி கோரி வழக்குத் தொடுத்தது. மக்களின் குடும்பங்களைப் பண்ணைகளே பேணி வருகின்றன என்ற பழைய வாதம் மீண்டும் எழுந்தது. பண்ணையார் தரப்பின் வழக்குரைஞர் ஜான் கெர். 1966 மார்ச்சில் நடுவர் மன்றம் சமக்கூலியை ஏற்றது. ஆனால் அது 1968 டிசம்பர் வரை நடைமுறைக்கு வராது என்றது. நீதி உண்டு, பின்னர் வருக என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்நாளில் லிங்கியாரி பண்ணை வேலையில் காலில் காயமுற்று டார்வின் மருத்துவமனையில் இருந்தார். அங்கே தொழிற்சங்கத்தின் பழங்குடி அமைப்பாளரான டெக்ஸ்டர் டேனியல்ஸைச் சந்தித்தார். வேறொரு பண்ணையில் அவ்வாண்டு மே மாதத்திலேயே வேலைநிறுத்தம் தொடங்கியிருந்ததை அறிந்தார். ஊர் திரும்பினார். 1966 ஆகஸ்டு 23ஆம் நாள் ஏறத்தாழ 200 பேர், ஆணும் பெண்ணும் குழந்தையும் முதியோருமாக, ஜின்பராக்கை விட்டு நடந்தனர்.

அவர்கள் விட்டுச் சென்றது வேலையை மட்டுமன்று, கடையையும்தான். அடுத்த வேளை உணவுக்கு உறுதியில்லாத நிலையில் பண்டகசாலைக்கு முதுகு காட்டி நடப்பது எத்தகைய துணிவு என்பதைப் படியின் வரலாற்றை அறிந்தவரே உணர இயலும். நாற்பது ஐம்பது ஆண்டுகளாக ஒரு மக்களின் வயிறு அந்தக் கதவை நோக்கித் திரும்பியிருந்தது. சில நாளில் பசித்துத் திரும்புவர் என்று எதிர்பார்ப்பது பண்ணைக்கு இயல்பே. அவர்கள் திரும்பவில்லை. விக்டோரியா ஆற்றுப் படுகையில் முதலில் தங்கினர். டார்வினிலிருந்து தொழிற்சங்கத்தார் லாரிகளில் உணவு அனுப்பினர். பழைய வேட்டை அறிவும் கிழங்கறிவும் கைகொடுத்தன. 1967 மார்ச்சில் தம் புனித நிலத்தருகே, வாட்டி ஓடை எனப்படும் டகுராகுவில் குடியேறினர். சட்டத்தின் கண்ணில் அது வெஸ்டி குத்தகை நிலம், எனவே அத்துமீறல்.

போராட்டத்திற்குத் துணைநின்ற எழுத்தாளர் ஃபிராங்க் ஹார்டி இந்நிகழ்ச்சிகளை 1968இல் நூலாக எழுதினார். டகுராகுவில் அம்மக்கள் கேட்டுக்கொண்டபடி ஒரு பலகையில் குரிந்ஜி என்ற பெயரை அவர் எழுதிக் கொடுத்தார். பண்ணை ஏட்டில் டாமி என்றும் ஜிம்மி என்றும் எழுதப்பட்டவர்கள் தம் இனத்தின் பெயரைத் தம் நிலத்தின் மேல் எழுத்தாகக் கண்டனர். கடை ஏட்டின் எழுத்து அவர்களைக் கடனாளிகளாகக் காட்டியது. பலகையின் எழுத்து அவர்களை உரிமையாளர்களாகக் காட்டியது. எழுத்தறியாதார்க்கும் எழுத்தின் ஆற்றல் புரிந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

கூலியினின்று மண்ணுக்கு

தொடக்கத்தில் இது கூலிப் போராட்டம் என்றே வெளியார் கருதினர். 1967இல் தலைமை ஆளுநருக்கு அனுப்பிய விண்ணப்பம் அக்கருத்தை மாற்றியது. ஏறத்தாழ 1,300 சதுர கிலோமீட்டர் நிலத்தைத் தம்மிடம் திருப்பித் தருமாறு அவர்கள் கேட்டனர். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. படியை உயர்த்துமாறு கேட்டிருந்தால் ஒருவேளை உயர்ந்திருக்கும். படி அளக்க வேண்டிய நிலையையே ஒழிக்குமாறு கேட்டதால் ஒன்பதாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இடைக்காலத்தில் 1968 டிசம்பரில் சமக்கூலி நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவு இருமுகம் கொண்டது. கூலி கொடுக்க வேண்டும் என்றானபின் பல பண்ணைகள் ஆட்களைக் குறைத்தன. வேலியும் ஹெலிகாப்டரும் மாடோட்டிகளின் இடத்தைப் பிடித்தன. குடும்பங்கள் பண்ணை முகாம்களிலிருந்து வெளியேற்றப்பட்டன. உறவினர் அனைவரையும் தாமே பேணுகிறோம் என்று நீதிமன்றத்தில் கூறியவர்களின் பேணல், கூலி வந்ததும் முடிந்தது. படியின் கொடை வேடம் கலைந்த இடம் இதுவே. இருப்பினும் மாடோட்டும் கலையில் தாம் பெற்றிருந்த திறனைக் குரிந்ஜி முதியோர் பெருமையுடனேயே நினைவுகூர்ந்தனர். அவர்கள் வெறுத்தது மாட்டையன்று, தொழிலையன்று, விலையில்லா உழைப்பை.

1975 ஆகஸ்டு 16ஆம் நாள் பிரதமர் காஃப் விட்லம் டகுராகு வந்தார். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து லிங்கியாரியின் கையில் சொரிந்தார். ஏறத்தாழ 3,200 சதுர கிலோமீட்டர் நிலம் குத்தகையாகக் குரிந்ஜி மக்களுக்கு வழங்கப்பட்டது. மெர்வின் பிஷப் என்னும் பழங்குடி ஒளிப்படக் கலைஞர் எடுத்த படம் அக்காட்சியை உலகறியச் செய்தது. பண்டகசாலையில் நீட்டிய அதே கையில் அன்று மாவு விழவில்லை, மண் விழுந்தது. மூன்று மாதங்களுக்குள் விட்லம் ஆட்சி கலைக்கப்பட்டது. கலைத்த தலைமை ஆளுநர், முன்னர்ப் பண்ணையாருக்காக வாதாடிய அதே ஜான் கெர். எனினும் வித்திட்ட சட்டம் வீண்போகவில்லை. அடுத்து வந்த ஃபிரேசர் ஆட்சியில், 1976 டிசம்பரில் வட மண்டலப் பழங்குடியினர் நில உரிமைச் சட்டம் நிறைவேறியது. 1986இல் டகுராகு நிலம் முழு உரிமையாகவே குரிந்ஜி மக்களுக்குக் கிடைத்தது. லிங்கியாரி 1988 சனவரியில் மறைந்தார். 1991இல் பால் கெல்லி, கெவ் கார்மடி ஆகியோரின் பாடல் அவர் கதையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

மீண்டும் ஒரு கடை

வரலாறு இங்கே முடிந்திருந்தால் நிறைவாக இருந்திருக்கும். 2007ஆம் ஆண்டு இரு நிகழ்வுகளைக் கண்டது. வேவ் ஹில் வெளிநடப்பின் பாதை அவ்வாண்டு ஆகஸ்டில் நாட்டின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே ஆகஸ்டில், வட மண்டலப் பழங்குடிச் சிற்றூர்களுக்கென அவசரச் சட்டம் ஒன்றும் நிறைவேறியது. சிறுவர் நலம் காத்தல் அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. அச்சட்டத்தின்படி ஊர்க் கடைகள் அரசின் உரிமம் பெற வேண்டியவை ஆயின. மக்கள் பெறும் உதவித்தொகையில் பாதி ஒதுக்கி வைக்கப்பட்டு, ஒப்புதல் பெற்ற கடைகளில் குறித்த பொருள்களுக்கு மட்டுமே செலவிடத்தக்கதாக்கப்பட்டது.

நல்ல உணவு குழந்தைகளைச் சென்றடைய இது உதவும் என்று ஆதரித்தோர் பழங்குடி மக்களிடையேயும் இருந்தனர். அக்கருத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. ஆனால் பண்ணைக் காலத்தை நேரில் கண்ட முதியோருக்கு அது புதிய ஏற்பாடாகத் தோன்றவில்லை. பழைய படி மீண்டும் வந்ததாகவே தோன்றியது. தன் காசை எந்தக் கடையில் எதற்குச் செலவிடுவது என்பதைப் பிறர் முடிவு செய்யும்போது, அளப்பவர் அன்புடையவரா அல்லரா என்பது இரண்டாம் வினாவாகிவிடுகிறது. பெருமைப்படுத்திய கையும் கட்டுப்படுத்திய கையும் ஒரே மாதத்தில் நீண்டன என்பதை வரலாறு குறித்துக்கொண்டது.

நிறைவாக

ஜின்பராக்கில் இருந்த பண்ணை வளாகம் பின்னாளில் கைவிடப்பட்டது. 2020 செப்டம்பரில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம், வேவ் ஹில் பண்ணை நிலத்தின் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் பரப்பின்மீது குரிந்ஜி மக்களுக்கும் அவர்தம் உறவினத்தாருக்கும் உள்ள மரபுரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் படிக்க நீதிமன்றம் நகர மாளிகையில் கூடவில்லை. பழைய பண்ணை நிலமாகிய ஜின்பராக்கிலேயே கூடியது. 54 ஆண்டுகளுக்கு முன் எந்த இடத்தை விட்டு நடந்தார்களோ அந்த இடத்திற்கே நீதி நடந்து வந்தது.

பேரரசர்களின் வரலாற்றைப் போர்க்களங்களில் தேடுகிறோம். எளிய மக்களின் வரலாற்றைக் கடைகளின் வாயிலில் தேட வேண்டியிருக்கிறது. என்ன அளக்கப்பட்டது, யார் அளந்தார், யார் கை நீட்டினார், எந்தப் பெயர் ஏட்டில் ஏறியது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை தேடினால் ஒரு சமுதாயத்தின் நெஞ்சு புலப்பட்டுவிடும். வேவ் ஹில் பண்டகசாலையின் மூட்டைகள் என்றோ தீர்ந்துவிட்டன. அதன் ஏட்டில் கடனாளியாக எழுதப்பட்ட மக்கள் கணக்கை நேர்செய்யும்படி கேட்கவில்லை. ஏட்டையே மறுத்து எழுந்து நடந்தார்கள். நடந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் அந்நாளைக் கொண்டாடி வருகின்றனர்.